அம்மாவாக இருந்த ஆயா

அரூர் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் நின்றால் போதும், பாட்டிக்குத் தமிழ்நாட்டில் எத்தனை பெயர் என்பது தானாகக் காதில் விழும். திருவண்ணாமலை வண்டியில் கூடையோடு ஏற முடியாமல் திணறுகிற ஒருவரிடம் நடத்துநர், "ஆயா, கூடய இப்படிக் குடு, நீ மொதல்ல ஏறு" என்கிறார். சேலம் வண்டிக்குக் காத்திருக்கும் குடும்பத்தில் ஒரு பையன் "அம்மாயி, தண்ணி" என்று முந்தானையை இழுக்கிறான். கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற தெலுங்கு வீட்டார் "அவ்வா" என்கிறார்கள். உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அதே உறவு "நானி". முன்பு கூடையை வாங்கி வைத்த அந்த நடத்துநரே, மூக்குக் கண்ணாடியும் கைப்பையுமாக நிற்கிற இன்னொருவரை "பாட்டி, உள்ள தள்ளி உக்காருங்க" என்கிறார். ஆயாவுக்கு "நீ", பாட்டிக்கு "நீங்க". இந்த வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஊர்ப்பெயர் உதவும்: மொரப்பூர் ஆயா, ஊத்தங்கரை ஆயா. இரண்டு பேரும் ஒரே ஊராகிவிட்டால் அப்பா ஊட்டு ஆயா, அம்மா ஊட்டு ஆயா. சொந்தமே இல்லாத பக்கத்து வீட்டுக் கிழவியும் ஆயாதான். முறுக்கு விற்கிறவரும் ஆயாதான். எழுத்தில் மட்டும் இந்தச் சொல் வராது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும்போது ஆயா திடீரென்று பாட்டியாகிவிடுவார். பேச்சில் வீட்டுக்குள் வரைக்கும் வருகிற சொல், அச்சில் வாசலோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது ஒரு சிவப்பு மையால். இரண்டாம் வகுப்புப் படித்த என் மகள், பள்ளியில் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னபோது தலைப்பில் "ஆயா" என்று எழுதியிருந்தாள். அதை அடித்து, "ஆயா என்றால் வேலைக்காரி. கிராண்ட்மா என்று எழுது" என்று திருத்தியிருந்தார்கள். குழந்தை அதை அப்படியே என் அம்மாவிடம் வந்து ஒப்பித்துவிட்டது. சித்திரை மாதம், திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார் அம்மா. ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையை ஒரு பக்கமும் சதையை ஒரு பக்கமும் தள்ளுகிற வேலை. கையை நிறுத்தவில்லை. "செரி, வேலக்காரின்னே வெச்சுக்க. வா, வந்து கொட்ட பொறுக்கு" என்றார். குழந்தை உட்கார்ந்து பொறுக்கியது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தத் திருத்தத்தில் பாதி உண்மை இருக்கிறதே என்பதுதான் காரணம். எழுத்துக்கூட்டில் ஒன்றாக, வரலாற்றில் வேறாக இரண்டு ஆயாக்கள் தமிழில் இருக்கிறார்கள்.

முதல் ஆயாவின் வேர் ஆய். ஆய் என்றால் தாய். சங்கப் பாடல்களின் மொழியில் என் தாய் யாய், உன் தாய் ஞாய், அவன் தாய் தாய். எந்தை, நுந்தை, தந்தை என்று அப்பனுக்கு இருந்த அதே ஒழுங்கு. நாம் இன்று பொதுப்பெயராக வைத்திருக்கும் "தாய்" அந்த மூன்றில் படர்க்கைக்கு உரியது, மற்ற இரண்டும் வழக்கொழிந்துவிட்டன. அடியில் கிடக்கும் ஆய் மட்டும் ஊர்வாயில் தங்கியது. மகமாயி, மாரியாயி என்று சாமிக்கு ஒட்டிக்கொண்டது. பொன்னாயி, பாப்பாயி, மாராயி என்று எங்கள் தாலுகாவின் மூத்த பெண்களின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. பாப்பாயி என்ற பெயரைப் பாருங்கள், குழந்தையும் தாயும் ஒரே பெயரில். புதுச்சேரியில் பூங்கா நடுவே நிற்கும் ஆயி மண்டபத்துப் பெண்ணின் பெயரும் இதுவே. மராத்தியில் ஆயி என்றால் அம்மா, ஒடியாவில் ஆயி என்றால் அம்மாவைப் பெற்றவள். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று தேடுவதைவிட, பல் முளைக்காத வாயில் எளிதாக வருகிற ஒலிகள் எல்லா நாட்டிலும் பெற்றவளுக்கே போய்ச் சேர்கின்றன என்று கொள்வது நல்லது. மாமா, பாப்பா போன்ற சொற்கள் உலகெங்கும் ஏன் ஒத்துப்போகின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்ஸன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

ஆய் எப்படி ஆயா ஆனது? கூப்பிட்டுத்தான். நம் உறவுப்பெயர்களில் பல, கூப்பிட்டுக் கூப்பிட்டே உருமாறியவை. அம்மை என்பது பெயர், அம்மா என்பது விளி. இன்று விளியே பெயராகிவிட்டது, அம்மை ஊர்ப்புறங்களில் சாமியாகவும் நோயாகவும் மிச்சம். அவ்வை அவ்வா ஆனதும் ஆத்தாள் ஆத்தா ஆனதும் அந்த வழியில்தான். ஆயி, ஆயா என்பதையும் அந்த வரிசையில் வைக்கலாம் என்பது என் கணிப்பு.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. தாயைக் குறித்த சொல் பாட்டிக்கு எப்படிப் போனது? ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஆயி என்று பிள்ளைகள் அழைக்கும் ஒரு பெண். அவளுக்கு மருமகள் வருகிறாள், பேரன் பிறக்கிறான். அப்பனும் அத்தையும் சித்தப்பனும் அவளை ஆயி, ஆயா என்று கூப்பிடுவதைக் கேட்டு அந்தக் குழந்தையும் ஆயா என்கிறது. தன்னைப் பெற்றவளுக்கு வேறொரு சொல் வேண்டுமே. அங்கே அம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆயா ஒரு படி மேலே ஏறிவிடுகிறாள். சொல்லுக்கு வயதாகிறது.

இது ஆயாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தமிழ்நாட்டின் பாட்டிப் பெயர்களை வரிசையாக உடைத்துப் பார்த்தால் உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்திருப்பாள். திருச்சி, தஞ்சைப் பக்கத்து அப்பாயி என்பது அப்பாவின் ஆயி. கொங்கிலும் மதுரைப் பக்கத்திலும் வழங்கும் அம்மாயி, அம்மாவின் ஆயி. அப்பத்தா, அப்பனின் ஆத்தா. யாழ்ப்பாணத்து அம்மம்மா, அப்பம்மா இரண்டையும் உடைக்கக்கூட வேண்டாம், வெளிப்படையாகவே நிற்கின்றன. மதுரை, தேனிப் பக்கத்து அம்மாச்சி, கொங்கு அம்முச்சி, முஸ்லிம் வீடுகளின் உம்மம்மா எல்லாம் அதே கட்டுமானம். ஆச்சி திருநெல்வேலியில் பாட்டி, செட்டிநாட்டில் மரியாதைக்குரிய பெண். நடிகை மனோரமாவுக்கு அந்தப் பெயர் பாட்டி வேடம் போட்டதால் வந்ததல்ல, காரைக்குடிப் பக்கம் வளர்ந்ததால் வந்தது. செட்டிநாட்டில் ஆயாவும் உண்டு. ஆனால் அங்கே அது அம்மாவைப் பெற்றவளுக்கு மட்டும், அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா. எங்கள் பக்கத்து ஆயாவுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

அம்மாயியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. தமிழில் பாட்டியாக இருக்கும் இவள், தெலுங்கில் சின்னப் பெண். மலையாளத்தில் அத்தை, மாமியார். மூன்று மொழியும் காதில் விழும் ஒரு வண்டியில் "அம்மாயி" என்று ஒரு குரல் கேட்டால் மூன்று தலைமுறையும் திரும்பிப் பார்க்க நியாயம் உண்டு.

தருமபுரிக்காரன் பாட்டியைப் பற்றி எழுதிவிட்டு அவ்வையை விட்டால் ஊரில் அடிப்பார்கள். தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தது இந்த மண்ணில் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை. 1981-இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு, தென்பெண்ணைக் கரையில் அந்தப் பெயரைக் கல்லிலேயே காட்டியது. ஆனால் அவ்வையின் வயதில்தான் சிக்கல். சங்கத் தொகைகளில் அவர் பெயரில் உள்ள 59 பாடல்களைப் படிக்கிறவருக்குக் கோலூன்றிய கிழவி தென்படுவதில்லை. புறநானூற்றில் பகை மன்னன் ஒருவனுக்கு விடை சொல்லும் இடத்தில் அவர் அணி பூண்ட விறலியாக, மை தீட்டிய கண்ணோடு நிற்கிறார். அரசனோடு கள் உண்டதைச் சொல்கிறார், அவனுக்காகத் தூது போகிறார். அவரைக் கிழவியாக்கியதில் அந்தப் பெயருக்குப் பெரும் பங்கு உண்டென்று நினைக்கிறேன். ஔவை என்ற சொல்லுக்கு அகராதியில் தாய், கிழவி, தவப்பெண் என்று பொருள்கள் உண்டு. கன்னட நாட்டுப்புறத்தில் இன்றும் அவ்வ என்றால் அம்மா, தெலுங்கில் அவ்வ என்றால் பாட்டி. ஒரே சொல், ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தலைமுறை வித்தியாசத்தில் வாழ்கிறது. தாய் என்ற பொருள் தேய்ந்து கிழவி என்ற பொருள் ஓங்கியபோது, அந்தப் பெயரைத் தாங்கியவருக்கும் முடி நரைத்தது. பிற்காலத்தில் ஆத்திசூடி பாடிய ஔவை, பிள்ளையாரிடம் முதுமை கேட்டு வாங்கிய கதை எல்லாம் மேலே வந்து சேர்ந்தன. 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்' வந்து, கே.பி. சுந்தராம்பாள் கோலும் திருநீறுமாகத் திரையில் நடந்த பிறகு, இளம் விறலியைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தமிழாசிரியராலும் முடியவில்லை. சுந்தராம்பாளுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நீலகிரியில் இந்த ஏற்றம் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. படகர்களின் மொழியில் ஹெத்தெ என்றால் பாட்டி. அவர்களின் குலதெய்வம் ஹெத்தை அம்மன். அம்மா, பாட்டி, தெய்வம் என்று ஒரே ஏணி.

அப்படியானால் தாயிலிருந்து வராத பாட்டிச் சொல் எது? பாட்டியே. இன்று அதுதான் தூய தமிழ், பொதுத் தமிழ், பாடநூல் தமிழ். அதன் பழைய பிழைப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். தொல்காப்பிய மரபியலில் பாட்டி என்பது பெண் விலங்கின் பெயர்களில் ஒன்று. பன்றி, நாய், நரி மூன்றின் பெண்ணுக்கும் அது உரியது. சங்கப் பாடல்களில் பாணர் குலத்துப் பெண்ணும் பாட்டி. மதுரைக்காஞ்சியில் பாணரையும் பாட்டியரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். பாட்டனின் பெண்பாலாக அது வீட்டுக்குள் வந்து நிலைத்தது. எல்லாச் சாதி வீட்டுக்கும் பொதுவாக, எந்த வட்டாரத்துக்கும் சொந்தமில்லாமல் இருந்ததாலேயே அச்சுக்கும் பள்ளிக்கும் அது தோதாகிவிட்டது. ஆயாவைத் திருத்துகிறவர்களுக்கு இந்தப் பாட்டியின் பூர்வீகம் தெரிந்தால் என்ன எழுதச் சொல்வார்களோ.

செய்தித்தாளின் சொல் வேறு: மூதாட்டி. இந்த மூதாட்டி யாருக்கும் பாட்டி அல்ல. சங்கிலி பறிபோகும்போதும், லாரி மோதும்போதும், நூறு வயதில் ஓட்டுப் போடும்போதும் மட்டுமே தோன்றி மறைவாள். எந்தப் பேரனும் "மூதாட்டி, சோறு போடு" என்று கேட்டதில்லை.

அப்பா வழி, அம்மா வழி என்று ஆயா பிரிக்காததில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வில், தமிழ் உறவுப்பெயர்களைச் செவ்விந்திய இனமான செனகாக்களின் பெயர்களோடு அருகருகே வைத்துப் பார்த்தார். பெரியப்பன் சித்தப்பன் எல்லாம் அப்பன் வகை, மாமன் வேறு வகை என்ற நம் ஒழுங்கு அவரை ஆச்சரியப்படுத்தியது. பிறகு லூயி துய்மோன், தாமஸ் டிரவுட்மன் ஆகியோர் அந்த ஒழுங்குக்குள் முறைப்பெண், முறைமாமன் கல்யாணம் இருப்பதை விளக்கினார்கள். பெற்றோர் தலைமுறையில் பங்காளி, மாமன் மச்சான் என்று கறாராகப் பிரிக்கும் தமிழ், தாத்தா தலைமுறைக்குப் போனால் அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் பழையது. அப்படிக் கட்டிய வீட்டில் பிள்ளையின் அப்பாவைப் பெற்றவளே, அம்மாவைப் பெற்றவளையும் பெற்றவள். அவளை எந்தப் பக்கத்துப் பாட்டி என்று எழுதுவது? ஆயா என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது.

இனி இரண்டாவது ஆயா. இவள் கப்பலில் வந்தவள். போர்த்துக்கீசிய மொழியில் ஐயா என்பதுபோல் ஒலிக்கும் ஒரு சொல்லுக்குப் பிள்ளை வளர்க்கும் செவிலி என்று பொருள். சாவி, ஜன்னல், அலமாரி, பாதிரி வந்த அதே கப்பல். 1886-இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: இந்திய மொழிகள் பலவற்றில் புழங்கினாலும் சொல் போர்த்துக்கீசியம். வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லின் மூலம் லத்தீனின் அவியா என்று சில அகராதிகள் காட்டுகின்றன. அவியா என்றால் பாட்டி! வேறு மூலம் சொல்கிறவர்களும் உண்டு. லத்தீன் கதை சரியென்றால், ஐரோப்பாவில் பாட்டி வேலைக்காரியாகி, கடல் தாண்டி வந்து, இங்கே ஏற்கெனவே பாட்டியாக இருந்தவளின் பெயரில் வந்து மோதியிருக்கிறாள்.

வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் பிள்ளை வளர்த்த ஆயாக்கள் அந்தப் பிள்ளைகளோடு கப்பலேறி லண்டன் வரை போனார்கள். ஊர் சேர்ந்ததும் கைவிடப்பட்டவர்களும் உண்டு. திரும்பி வர இன்னொரு குடும்பம் அமையும் வரை தங்க லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. 1900-இல் அது ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ஆம் எண் வீட்டுக்கு வந்தது. 2022-இல் அந்த வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள். அன்றைய சேலம் ஜில்லாவிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் கூலிகளை ஏற்றிக்கொண்டுபோன மலாயாவில் வேறொரு ஆயா. அரூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் இடத்துக்கு ஆயா கொட்டகை என்று பெயர். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் வெட்டு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காத மூத்த பெண். அந்தக் கொட்டகையில் தூளி ஆட்டியவள் எந்த ஆயா? தமிழ் ஆயாவா, போர்த்துக்கீசிய ஆயாவா? இரண்டையும் பிரிக்க முடியாத இடம் என்று நான் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

இந்தியாவில் 1975-இல் அங்கன்வாடிகள் தொடங்கின. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. ஊருக்கு ஊர் பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு பெண் தேவைப்பட்டார். ஆவணங்களில் சமையலர், உதவியாளர் என்று எதுவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அவர் சத்துணவு ஆயா. முப்பது வயதுக்காரிகூட வேலைக்குச் சேர்ந்த மறுநாளே ஆயா. ஆஸ்பத்திரியில் ஆயா, பள்ளியில் ஆயா, வேனில் ஆயா. வயதைக் குறித்த சொல் வேலையைக் குறிக்கத் தொடங்கியதும், அந்த வேலைக்கு ஊரில் என்ன மதிப்போ அதே மதிப்பு சொல்லுக்கும் வந்துவிட்டது. தனியார் ஆங்கிலப் பள்ளிகள் பெருகியபோது கழிப்பறை கழுவுகிறவர், குழந்தையின் காலைக் கழுவிவிடுகிறவர் என்று அது சுருங்கியது. சிவப்பு மை அங்கிருந்து வந்ததுதான். குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, காலைக் கழுவிவிடுவது வீட்டில் ஆயா செய்தால் பாசம், பள்ளியில் ஆயா செய்தால் கீழ்வேலை. சொல்லின் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

திட்டுகிறவர்கள் வாயிலும் ஆயா மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். சென்னையிலிருந்து எங்கள் பக்கம் வரைக்கும், சண்டையில் அடுத்தவன் ஆயாவை இழுக்காமல் இரண்டு வாக்கியம் பேசாத இளவட்டங்கள் உண்டு. ஆறின பழங்கதையைச் சொன்னால் "ஆயா வடை சுட்ட கதை" என்பார்கள். இந்த வடையைப் பாடநூலில் பாட்டிதான் சுடுகிறாள். ஊர்ப்பேச்சில் சுடுகிறவள் ஆயா. வைத்தியம் மட்டும் எங்கேயும் பாட்டி வைத்தியம்தான், யாரும் ஆயா வைத்தியம் என்று புத்தகம் போடவில்லை. கடை அலமாரியில் ஆச்சி என்ற பெயர் மசாலா விற்கிறது. ஆயா பெயரில் எதுவும் நாடு முழுக்க விற்றதாக நான் பார்த்ததில்லை.

இப்போது அரூரில் இருபதுகளில் இருக்கும் பெற்றோர், பிள்ளைக்கு முதலிலேயே "பாட்டி சொல்லு" என்று பழக்குகிறார்கள். நாற்பத்தைந்தில் பேரன் எடுத்த பெண்களுக்குப் பாட்டி என்பதும் பிடிக்கவில்லை. அம்மம்மா, அம்மு என்று இறங்கிவருகிறார்கள். படியேறிப் படியேறிப் பாட்டியான அம்மா, கடைசியில் திரும்ப அம்மாவிடமே வந்து நிற்கிறாள். ஐம்பது வருடம் கழித்து அம்மம்மா என்பதே கிழடுதட்டிப் போய், வேறு ஏதோ ஒன்று வரலாம்.

சிவப்பு மை விவகாரம் நடந்து சில வாரம் கழித்து, மகளை அழைத்துவரப் போனபோது பள்ளி வாசலில் அங்கே வேலை செய்யும் ஓர் அம்மா நின்றிருந்தார். நீலச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளைகள் வேனுக்கு ஓடும்போது ஒவ்வொன்றும் "ஆன்ட்டி பை, ஆன்ட்டி பை" என்று கத்திக்கொண்டு போயின. முன்பெல்லாம் ஆயா என்றுதானே கூப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

"இந்த வருசத்துலருந்து ஆன்ட்டின்னு கூப்புடணுமாம், சொல்லிட்டாங்க" என்றார். "ஊட்ல பேரன் ஆயான்றான். இங்க ஆன்ட்டி."

சம்பளப் பதிவேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். புகைப்படம், பெயர், அதன் கீழே பதவி: ஆயா.